கிணற்று நீரும் சட்டத்தின் காவலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழைநீர் மண்ணூடே கசிந்து, கீழுள்ள சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்குகின்றது. குடிப்பதற்கும், வெங்காயம், மிளகாய், புகையிலை ஆகிய பயிர்களுக்கு இறைப்பதற்கும் மக்கள் இந்நீரையே நம்பியுள்ளனர். வெடிப்புகளூடே நீர் விரைந்து பரவுமாதலால், ஓரிடத்தில் நிலத்திற் கொட்டிய கழிவு வேலியைக் கடந்து அயலவர் கிணற்றையும் சென்றடையும்.

சுன்னாகத்து மக்கள் இதனைத் துன்பப்பட்டே அறிந்தனர். மின் உற்பத்தி நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை குறித்த வழக்கு 2015ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தை அடைந்தது. மாசுபடுத்தியவரே செலவைத் தாங்குதல் வேண்டும் என்னும் நெறியின்படி, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு 2019 ஏப்ரில் மாதத்தில் தீர்ப்பாயிற்று. இத்தொகை 500 கிணறுகள் வரை பகிரப்படுமிடத்து, ஒரு கிணற்றுக்குரிய பங்கு 40,000 ரூபாவே. நான்கு ஆண்டுகள் காத்திருந்தோர்க்கு இது சிறு தொகையெனினும், பிறர் கிணற்றைக் கெடுப்போர் அதற்கு விடைகூற வேண்டும் என்பது நிலைநாட்டப்பட்டது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், 1988ஆம் ஆண்டுத் திருத்தத்துடன், நாட்டின் உள்ளக நீரை மாசுபடுத்துதலைக் குற்றமாக்கியது. கழிவை வெளிவிடும் தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டுமென்றும் அத்திருத்தம் விதித்தது. இவையன்றி, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை நீக்குமாறு நீதவான் கட்டளையிட வழிசெய்கின்றது.

எனினும், சான்று இல்லாத முறைப்பாடு மன்றிலே நில்லாது. நீரில் எண்ணெய் மணமோ படலமோ தோன்றின், கமக்காரர் அந்நீரைக் குடித்தலை உடனே நிறுத்துதல் வேண்டும். கண்ட நாள், கழிவு வரும் திசை, கண்ட சாட்சிகள் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் நன்று. பின்னர், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்தில் முறையிட்டு, அதன் பிரதியைப் பேணுதல் வேண்டும். எண்ணெய்ச் சோதனைக்குரிய நீரைச் சுத்தமான கண்ணாடிப் போத்தலிலே எடுத்தல் முறை. அதிகாரி ஒருவர் நேரில் எடுத்து முத்திரையிட்ட மாதிரியே வழக்கிற்கு வலுவாகும்.

பிறரைக் குறைகூறுமுன் கமக்காரர் தம் வளவையும் நோக்குவாராக. நீரிறைக்கும் இயந்திரத்தின் கழிவெண்ணெயைக் கிணற்றருகே ஊற்றுதலும், நாசினி தெளித்த கருவியை அங்கே கழுவுதலும் அதே நீரையே கெடுப்பனவாம்.

அபராதம் பாறையைக் கழுவித் தராது. குற்றம் புரிய எண்ணுவோரை அச்சுறுத்தித் தடுப்பதே அதன் பயன். அவ்வச்சம் நிலைப்பது, முதற்றுளி எண்ணெயைக் கண்டவர் வாளாவிராது முறையிடும்போதே.