நாற்காலியும் தச்சன் உளியும்

காரண இடுகுறிப் பெயருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமெனின், தமிழாசிரியர் நாவில் முன்வந்து நிற்கும் சொற்களுள் ஒன்று நாற்காலி. நான்கு கால்களை உடைமையாற் பெற்ற பெயர். ஆயின், ஆடும் மாடும் மேசையும் நான்கு கால் உடையனவேனும் அப்பெயரைப் பெறா. இவ்வளவில் இலக்கணம் முடிகிறது. அந்நான்கு கால்களும் ஆடாமல் நிற்பது எங்ஙனம் என்பது இலக்கண நூலாரைக் கேட்டு அறியத்தக்கதன்று. தச்சரைக் கேட்டே அறியவேண்டும்.

ஈழத்தில் நாம் கதிரை என்றே பெரிதும் வழங்குகிறோம். போர்த்துக்கேயர் சொல்லாகிய 'கதெய்ரா'வின் திரிபு அது. மேசையும் அலுமாரியும் யன்னலும் அக்கப்பலிலேயே வந்திறங்கியவை. சிங்கள மக்களும் இம்மூன்றையும் ஏற்றுக்கொண்டனர். கதிரைக்கு மட்டும் 'புட்டுவ' என்னும் தம் சொல்லைக் கைவிடாது வைத்துள்ளனர். இவ்வேறுபாடு மொழிநூலாரின் ஆராய்ச்சிக்குரியது.

கண்டி நாட்டிலே சாய்மானமுள்ள இருக்கை எல்லார்க்கும் உரிய பொருளாக இருந்ததில்லை. 1660ஆம் ஆண்டிற் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இம்மலைநாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலில் இதனைக் குறித்துள்ளார். முதுகு சாயும் இருக்கை அரசன் ஒருவனுக்கே உரியதாம். ஏனையோர் வீட்டில் முதுகில்லாச் சிற்றிருக்கைகளே இருந்தனவாம். 1693இல் ஒல்லாந்தத் தேசாதிபதி இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கையுறையாக அளித்த அரியணையை அன்பர்கள் கொழும்பு நூதனசாலையிற் கண்டிருப்பர். 1815இற் கண்டி வீழ்ந்தபின் அஃது இங்கிலாந்து சென்று, வின்சர் மாளிகையிற் கிடந்து, 1934இல் மீண்டது. பொற்றகட்டைக் கண்டு வியப்பார் பலர். உள்ளே நின்று அத்தகட்டைத் தாங்குவது மரமும் மரப் பொருத்துமே அன்றோ!

அரசன் போனபின் முதுகு சாயும் உரிமை தோட்டத்துரைக்கு வந்தது. விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் துரை கால்நீட்டிக் கிடப்பார். முற்றத்திலே தொழிலாளி நிற்பார். மலையகத்தில் என் வயதினரின் பெற்றோர்க்கு இதனை யாரும் விளக்கவேண்டியதில்லை.

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகச் சென்றால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தே தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரம் பன்வில. அங்கே தகரக் கொட்டகை ஒன்றில், மின்பொறி எதுவுமின்றிக் கைக்கருவிகளாலேயே நாற்காலி செய்யும் ஆசாரியார் ஒருவர் உளர். அகவை எழுபதை அணுகியவர். அவர் பாட்டனார் தோட்டத் தொழிற்சாலைக்குத் தச்சராக வந்தவர். வாய்ச்சி, சீவுளி, துறப்பணம், கொட்டாப்புளி, அகலத்தால் வேறுபட்ட ஒன்பது உளிகள்: இவையே அவர் முதல்.

"மேசை யாரும் செஞ்சிரலாங்க ஐயா, நாற்காலிதான் ஆளைக் காட்டிக் குடுத்துடும்" என்றார் அவர். காரணம் வினவினேன். மேசையின் மூலைகள் எல்லாம் நேர்மூலைகள். மூலைமட்டம் ஒன்றிருந்தாற் போதும். நாற்காலியோ முன்புறம் அகன்று பின்புறம் ஒடுங்குவது. முதுகும் சற்றே சாய்வது. ஆகவே பொருத்துகள் பலவும் கோணலானவை. அக்கோணல் இருபுறமும் ஒத்திருந்தாலன்றி நாற்காலி நேரே நில்லாது.

பின்கால் பற்றி அவர் கூறியது கேட்கத்தக்கது. நிலத்திலிருந்து முதுகின் உச்சிவரை அஃது ஒரே மரம். இருக்கை மட்டத்திற் சிறிது வளைகிறது. நேரான பலகையில் அவ்வளைவை வாளால் அறுத்தெடுத்தால் மரத்தின் நரம்பு குறுக்கே அறுபடும்; பின்னொருநாள் பருத்த விருந்தினர் ஒருவர் சாயும்போது முறிவதும் அவ்விடத்திலேதான். இவரோ, பலாவின் கிளை பிரியும் இடத்தில் நரம்பே வளைந்தோடும் துண்டைத் தேடி எடுக்கிறார். அதற்காகத் திங்கட்கணக்கிற் காத்திருப்பதும் உண்டு. பலாமரம் நினைத்தபோது தறிக்கத்தக்கதும் அன்று. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும்.

ஆணி அடிப்பதில்லை. குறுக்குச் சட்டத்தின் நுனியை மெலியச் சீவிக் காலின் துளைக்குள் இறுக்குகிறார். சட்டம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். காலிற் சிறிது ஈரம் எஞ்சியிருக்க வேண்டும். கால் காயக் காயத் துளை சுருங்கிச் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டுத் தச்சரும் இதே முறையைக் கையாண்டனர். இருவரும் ஒருவரையொருவர் அறியார். இருவர்க்கும் ஆசிரியர் மரமே. இதன்மேலும் ஒரு மரமுளை உண்டு. காலில் இட்ட துளைக்கும் சட்ட நுனியில் இட்ட துளைக்கும் அரை நூல் அளவு விலகல் வைக்கிறார். முதிரை முளையை அடித்து இறக்கும்போது அது நேர்வழி தேடிச் சட்டத்தை உள்ளே இழுத்துவிடுகிறது. பிழைபோலத் தோன்றும் அவ்விலகலே பிணிப்பு.

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நான்காவது கால் வந்ததும் ஆட்டமும் வந்துவிடும். எனவே, முடிந்த நாற்காலியை மட்டமான பலகைமேல் நிறுத்தி, ஆடும் காலுக்கு ஆப்பு வைத்து, நான்கிலும் ஒரே உயரத்திற் கோடு கீறி அறுக்கிறார். இறுதியிற் பிரம்புப் பின்னல். ஆறு முறை இழையோட்டி முடிப்பது.

கண்டிக் கைவினைஞரைப்பற்றி முதன்முதல் விரிவாக எழுதியவர் நம்மவராகிய ஆனந்த குமாரசுவாமி. 1908இல், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அப்பெருநூலை 425 படிகள் கையால் அச்சிடுவித்தார். அரசன் அளித்த நிலத்தில் வாழ்ந்து தொழில்செய்த கைவினைஞர், அவ்வாதரவு நீங்கத் தளர்ந்ததை அவரினும் உருக்கமாக எடுத்துரைத்தார் இலர். ஆயினும் அவர் போற்றிய அவ்வமைப்பிலே, சாய்மான இருக்கையைச் செய்த தச்சனுக்கு அதிற் சாயும் உரிமை இருந்ததில்லை. நொக்ஸின் நூலையும் உடன்வைத்துப் படிப்போர்க்கு இது புலனாகும்.

ஆதலால், பிளாஸ்டிக் கதிரையை இகழ்வாரோடு எனக்கு உடன்பாடில்லை. லயத்து அறையிலும் வந்தவரை அமரச் சொல்ல ஒரு முதுகுள்ள இருக்கையைக் குறைந்த விலைக்குத் தந்தது அதுவே. என் குறை வேறு. அதன் கால் முறிந்தாற் செய்வதற்கொன்றுமில்லை, எறியத்தான் வேண்டும்.

எங்கள் கல்லூரிக் களஞ்சியத்திலே பழுதான பலாமரக் கதிரைகள் குவிந்து கிடந்தன. விறகு விலைக்கு விற்றுவிட்டுப் பிளாஸ்டிக் கதிரைகள் வாங்குவதென்று கூட்டத்திற் பேச்செழுந்தது. ஒரு தவணை பொறுக்குமாறு வேண்டி, அவற்றைப் பன்விலவுக்கு ஏற்றிச் சென்றேன். ஆசாரியார் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, "மரத்துக்கு ஒண்ணும் இல்லைங்க, முளைதான் தேஞ்சு போச்சு" என்றார். இரண்டு நீங்கலாக ஏனையவை எழுந்து நின்றன. அவ்விரண்டின் மரமும் மற்றவற்றிற்கு முளையாயிற்று. வண்டிக்கூலி சேர்த்தும் செலவு புதியன வாங்குவதிற் பாதியே.

அவருக்கு மாணாக்கர் இல்லை; மகன் கொழும்பில் வண்டி ஓட்டுகிறார். எங்கள் மாணவர் இருவரை ஓகஸ்ட் விடுமுறையில் அனுப்பலாமா என்று கேட்டேன். அனுப்பலாம், ஆனால் முதல் மாதம் முழுவதும் உளி தீட்டுவது மட்டுமே வேலை என்றார். விடுமுறையே ஒரு மாதந்தானே என்றேன். "அதனாலென்ன, மார்கழியிலும் வரட்டுமே" என்றார். ஒருவன் உடன்பட்டான். மற்றவன் வீட்டிற் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறான்.