அடி மேல் அடி வைத்தால் நட்டும் நகரும்

பழைய ஜென், எஸ்டீம் என்று ஏதாவது ஒரு காரை வாங்கி, ட்ராக் டேக்குத் தயார் செய்யணும் என்ற ஆசை நம்மில் பல பேருக்கு இருக்கு. ட்ராக் டே என்றால் போட்டி இல்லை. சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் என்று நம்ம ஊரிலேயே அதற்கு இடமும் உண்டு.

புது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், புஷ் எல்லாம் வாங்கியாச்சு. காரைத் தூக்கி, லோயர் ஆர்ம் நட்டில் ஸ்பேனரை வைக்கிறீர்கள். அசையவே மாட்டேங்குது! உடனே நமக்குத் தோன்றுவது, ‘பலம் பத்தலை, ஒரு பைப்பை மாட்டு.’ போல்ட் முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஜாம் ஆன நட்டுக்குத் தேவை பலம் இல்லை. அது ஏன் மாட்டிக்கொண்டது என்ற புரிதல்.

ஏன் ஜாம் ஆகிறது?

சாதாரணமாக ஒரு நட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறத்தாழ 50 சதவீதம் நட்டின் அடிப்பக்க உராய்வுக்கும், 40 சதவீதம் மரை உராய்வுக்கும் போய்விடும். மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. அதாவது புது நட்டிலேயே பெரும் பங்கு உராய்வுதான்.

இப்போ துருவைச் சேர்த்துக்கோங்க. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. மரைகளுக்கு நடுவே இருப்பதோ மிகச் சிறிய இடைவெளி. அதற்குள் துரு வீங்கினால் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். சஸ்பென்ஷன் இருப்பது சக்கரத்துக்குப் பின்னால். மழைத் தண்ணீர், சேறு எல்லாம் நேராக அங்கேதான் தெறிக்கும். கடலோர ஊர்க் கார் என்றால் உப்புக் காற்று வேறு.

பைப் போட்டால் என்ன ஆகும்? 8.8 தரத்து எம்12 போல்ட்டை இறுக்கும் டார்க் சுமார் 80 நியூட்டன் மீட்டர். 1 மீட்டர் பைப்பின் நுனியில் 40 கிலோ எடையைச் சாய்த்தால் கிட்டத்தட்ட 400 நியூட்டன் மீட்டர். ஐந்து மடங்கு! நட்டு நகராவிட்டால் போல்ட் முறுகி அறுந்துவிடும்.

தொடங்கும் முன்

ஜாக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாதீங்க. சமதரையில் நிறுத்தி, ஸ்டாண்ட் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்க. பிறகு காரைக் கையால் ஆட்டிப் பாருங்க. பெரிய பாரை இழுக்கும்போது கார் அதைவிட அதிகமாக ஆடும். கண்ணாடி கட்டாயம், துரு நேராகக் கண்ணுக்குத்தான் விழும். இன்னொன்று: ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவே இருக்கும் நட்டை, ஸ்பிரிங் கம்ப்ரசர் போடாமல் கழற்றவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. சுத்தம். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை வயர் பிரஷ் போட்டுத் தேயுங்க. நட்டு வெளியே வரும்போது அந்த மரை மேல்தான் வரணும். அங்கே துரு இருந்தால் பாதி வழியில் மறுபடி ஜாம் ஆகும்.

2. எண்ணெய், நேரம். துருவுக்குள் ஊடுருவும் பெனட்ரேட்டிங் ஆயில் அடியுங்க. டபிள்யூடி-40 என்ற பெயரிலேயே ‘தண்ணீரை விலக்குவது’ என்ற அர்த்தம்தான் இருக்கு; கையில் அதுதான் இருந்தால் பரவாயில்லை, ஆனால் இதற்கென்றே விற்கும் ஆயில் மேல். முந்தின நாள் இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. நுண்புழை விசையில் எண்ணெய் உள்ளே ஏறுவதற்கு நேரம் வேணும்.

3. சரியான சாக்கெட். 12 முனை சாக்கெட் நட்டின் மூலையை மட்டும் பிடித்து அதை வழித்துவிடும். 6 முனை சாக்கெட் எடுத்து, சுத்தியலால் தட்டி முழுசாக உட்கார வையுங்க. ஸ்டெபிலைசர் லிங்க் மாதிரி இடங்களில் நட்டோடு ஸ்டடும் சேர்ந்து சுற்றும். ஸ்டடின் நுனியில் ஆலன் கீ போடக் குழி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு திருப்புங்க.

4. முதலில் இறுக்குங்க. ஆமாம், கொஞ்சமே கொஞ்சம். துருவின் பிடி உடைந்தால் போதும், எந்தத் திசை என்பது முக்கியமில்லை. நகர்ந்ததும் கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி எண்ணெய். ஒரே மூச்சில் கழற்றினால் துருத்தூள் மரையைக் கடித்துவிடும்.

5. அடி. துரு எளிதில் நொறுங்கும் பொருள். அழுத்தத்தைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. நட்டின் ஒரு பக்கம் கனமான இரும்பை அணைத்துப் பிடித்து, எதிர்ப் பக்கம் சுத்தியலால் தட்டுங்க. அம்மியை நகர்த்துவது ஒரே பெரிய அடி இல்லையே! இம்பாக்ட் கன் செய்வதும் இதே வேலைதான்.

6. சூடு. போல்ட்டை அல்ல, நட்டை மட்டும். 12 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் 300 டிகிரி சூடேறினால் சுமார் 0.04 மி.மீ. விரியும். ஒரு தலைமுடி தடிமன்கூட இல்லை, ஆனால் துருவின் ஒட்டை உடைக்க அது போதும். ஆனால் கவனம்: அடித்த எண்ணெயை முதலில் துடைத்துவிடணும். பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் பக்கத்தில் தீ கூடவே கூடாது. உள்ளே எண்ணெயும் அழுத்த வாயுவும் இருக்கும் ஷாக் அப்சார்பர் வெடிக்கலாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சூடாக்கினால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். இண்டக்ஷன் ஹீட்டர் கிடைத்தால் அதுவே நல்லது.

7. வெட்டு. இது தோல்வி இல்லை, ஒரு முடிவு. நட் ஸ்ப்ளிட்டரோ ஆங்கிள் கிரைண்டரோ போட்டு நட்டைப் பிளந்துவிடலாம். சில நேரம் நட்டு வந்துவிடும், போல்ட் மட்டும் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். திருப்பினால் ரப்பர்தான் முறுக்கும். அங்கே மணிக்கணக்கில் மல்லுக்கட்டாமல், பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போல்ட்டை அறுத்துவிடுங்க. புஷ் எப்படியும் மாற்றப்போகிறோம்.

திரும்ப மாட்டும்போது

பலர் கோட்டை விடுவது இங்கேதான். கழற்றின நட்டையே திரும்பப் போட்டால் 100 ரூபாய்கூட மிச்சமாகாது. ஆனால் அது கழன்றால், வளைவில் முழு வேகத்தில் இருக்கும்போது சக்கரம் நீங்கள் திருப்பிய பக்கம் போகாது.

நைலாக் நட்டின் பிளாஸ்டிக் வளையம் சூட்டில் உருகியிருக்கும்; அது இனி பிடிக்காது. 8.8 தரத்து போல்ட் வெப்பப்பதம் செய்யப்பட்டது. சிவக்கும் வரை சூடேறியிருந்தால் அந்த பலம் போச்சு, பார்த்தால் தெரியாது. நட்டு, போல்ட் இரண்டும் புதுசு போடுங்க, அதே தரத்தில்.

ஆண்டி-சீஸ் கிரீஸை மரையில் பூசினால் உராய்வு குறையும். மேனுவலில் போட்ட அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும். அதனால் புஷ்ஷின் உள்குழாய்க்குள் போகும் வழவழப்பான பகுதியில் மட்டும் மெல்லிசாகப் பூசுங்க. அடுத்த தடவை சுலபமாக வரும்.

ரப்பர் புஷ் போல்ட்டை, சக்கரம் தொங்கும்போது கடைசியாக இறுக்கக் கூடாது. கார் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகி நின்று, சீக்கிரமே கிழியும். காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போது டார்க் ரெஞ்ச் போடுங்க.

இறுக்கியதும் நட்டு மேலேயும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்து பெயிண்டில் ஒரு கோடு போடுங்க. முதல் சில சுற்றுகள் ஓட்டி பிட்டுக்கு வந்ததும் குனிந்து அந்தக் கோட்டைப் பாருங்க. கோடு நேராக இருந்தால் அடுத்த செஷனுக்குப் போகலாம். விலகியிருந்தால் அன்றைக்கு ஓட்டம் அவ்வளவுதான். காரணம் தெரியும்வரை கார் ட்ராக்கில் இறங்க வேண்டாம்.