இலவசம் வேறு, கட்டற்றது வேறு

அஜக்ஸில் எங்கள் தொண்டர் குழு பல ஆண்டுகளாகச் சேர்த்த மடல்களும் நிகழ்ச்சிக் குறிப்புகளும், இலவசச் சேவையொன்று மூடப்பட்டதும் ஒரேயடியாக அழிந்துபோயின. காசு கேட்காத சேவையெல்லாம் கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தைப் பாருங்கள். ஈழத்து நூல்களை மின்வடிவில் பேணும் அதன் தளம், விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் வளர்ந்தது. அதில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் கூடி எழுதலாம். யார் எதை மாற்றினார் என்பதும் பதிவாகும். வேண்டுமானால் அனைத்தையும் வேறு வழங்கிக்குக் கொண்டுபோகலாம்.

ஆகவே கருவியைத் தெரிவுசெய்யுமுன் கேளுங்கள்: தரவை முழுதாக வெளியே எடுக்கலாமா? சொந்த வழங்கியில் நிறுவலாமா? தமிழ் இடைமுகம் உண்டா? பிரதியெடுக்கவும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அதை மென்பொருளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.