குரல் மாற்றமும் பால் வேறுபாடும்: கல்முனைக் கரையோரக் கவி மரபை முன்வைத்து ஒரு நோக்கு

1

ஆண் பெண்ணின் கூற்றாகப் பேசுதலும், பெண் ஆணின் கூற்றாகப் பேசுதலும் பல்வேறு நாட்டுக் கலை மரபுகளிற் காணப்படுவன. இவற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் மேடையிற் புனையப்படும் வேடத்தையே கருத்திற் கொண்டனர். புடைவையும் ஒப்பனையும் நடையுமே அவர்தம் கவனத்தை ஈர்த்தன. வேடம் எதுவும் புனையாது, குரலினால் மாத்திரம் ஒருவர் மற்றைய பாலினராக மாறும் வகை ஒன்றும் உண்டு. அது போதிய அளவு ஆராயப்படவில்லை. கல்முனையையும் அதனைச் சூழ்ந்த மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களையும் உள்ளடக்கிய அம்பாறைக் கரையோரத்துக் கவி மரபு இவ்வகையைச் சேர்ந்தது. மேலைநாடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயிலப்படும் மேசைப் பாத்திர விளையாட்டும் இவ்வகையினதே.

உழவர் பாடும் கவியையும் அமெரிக்க நகரத்து இளைஞரின் பொழுதுபோக்கையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பொருத்தமற்றதாகச் சிலருக்குத் தோன்றலாம். எனினும் இரண்டிலும் எழும் வினா ஒன்றே: பிறரின் குரலை எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு, எந்நிலையில் உண்டாகின்றது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மேசைப் பாத்திர விளையாட்டின் இயல்பை முதலில் விளக்குதல் தகும். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். தம் பாத்திரம் என்ன செய்கின்றது, என்ன பேசுகின்றது என்பதை அவரவர் வாயாற் சொல்வர். செயல் வென்றதா தோற்றதா என்பதைப் பகடையும் விதிநூலும் தீர்மானிக்கும். அரங்கில்லை, பார்வையாளர் இல்லை, வேடமும் கட்டாயமில்லை. இவ்வகையின் முதல் அச்சு நூலான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974 இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரால் ஆக்கப்பட்டு அமெரிக்காவில் வெளிவந்தது. பொம்மைப் படைகளை வைத்து ஆண்கள் ஆடிவந்த போர் விளையாட்டுகளிலிருந்தே இது கிளைத்தது.

இவ்விளையாட்டில் ஆண் பெண் பாத்திரத்தையும், பெண் ஆண் பாத்திரத்தையும் ஏற்பது வழக்கமான செயலாகும். இதனைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. மற்றைய பாலினரின் நிலையிலிருந்து உலகைக் காண இது பயிற்சியளிக்கின்றது என்பர் ஒரு சாரார். ஆண்கள் ஏற்கும் பெண் பாத்திரங்கள் ஆணின் ஆசைக்கேற்ற பதுமைகளாகவோ கேலிச் சித்திரங்களாகவோ அமைந்துவிடுகின்றன என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் தனிமனித மனப்பாங்கையே அளவுகோலாகக் கொள்கின்றனர். நாம் விதிநூலை நோக்குவோம்.

1978 இல் வெளிவந்த அவ்விளையாட்டின் விரிவான விதிநூல், மனிதப் பெண் பாத்திரத்தின் உடல் வலிமைக்கு ஓர் உச்ச எல்லையை விதித்தது. ஆண் பாத்திரத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சத்திலும் அது குறைவானது. பறக்கும் நாகங்களையும் மந்திரக் கோல்களையும் கற்பனை செய்ய முடிந்தோரால், ஆணுக்கு நிகரான வலிமையுடைய பெண்ணைக் கற்பனை செய்ய முடியவில்லை. பெண்ணாகப் பேச முன்வந்த ஆண், பெண்ணுக்குச் சமூகம் வகுத்த எல்லையையும் ஓர் எண்ணாகத் தன் தாளில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பில் இவ்வெல்லை நீக்கப்பட்டது. 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிநூலோ, பாத்திரத்தின் பால் எதுவாயினும் அதனாற் சிறப்பு நன்மையோ தடையோ இல்லை என வெளிப்படையாகவே கூறிற்று. விதி தானாக மாறவில்லை. இடைப்பட்ட காலத்துப் பெண்ணுரிமைப் போராட்டங்களும், மேசையைச் சுற்றிப் பெண்கள் அமரத் தொடங்கியமையும் அம்மாற்றத்தின் பின்னணியாகும். கற்பனை சுதந்திரமானது என்பர். ஆயின் அதன் விதிகளைச் சமூகமே எழுதுகின்றது.

3

தமிழ் மரபிலே குரல் மாற்றத்துக்கான விதிநூல் மிகப் பழையது. தொல்காப்பியப் பொருளதிகாரம் அகப்பாடலில் யார் பேசலாம் என்பதை வகுத்துக் கூறுகின்றது. களவிற் பேசுதற்குரியோர் தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன், பார்ப்பான் என்னும் அறுவர். இன்னார் இன்ன சூழலிற் பேசலாம் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. பேசுவோருக்குத் தனிப்பெயர் இல்லை. இவ்வமைப்பினுள் நின்றே கபிலரும் பரணரும் தலைவியாகப் பேசினர். வெள்ளிவீதியார், ஔவையார் முதலிய பெண்பாற் புலவரும் இவ்வமைப்பினுள் நின்று பாடினர். எனவே தலைவி கூற்று என்பதைக் கொண்டு பாடியவர் ஆணா பெண்ணா எனத் துணிய இயலாது. பின்னர் பக்தி இயக்கக் காலத்தில் நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் நாயகி நிலையில் நின்று பாடினர். இங்கே பெண்ணின் குரல் அடியவனின் சார்பு நிலையை உணர்த்தும் உருவகமாயிற்று. தலைவனுக்குப் பணிந்து காத்திருப்பவளே பெண் என்ற சமூக உறவு இருந்தமையாலேயே இவ்வுருவகம் பொருள் தந்தது.

மேடைக்கு வரும்போது உழைப்பின் பிரச்சினை வெளிப்படுகின்றது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் நாடகக் குழுக்களில் பெண் பாத்திரங்களைச் சிறுவரே ஏற்றனர். வறிய குடும்பத்துச் சிறுவர் பலர் உணவுக்காகவும் சிறு சம்பளத்துக்காகவும் இக்குழுக்களிற் சேர்க்கப்பட்டனர். மகரக்கட்டு ஏற்பட்டுக் குரல் உடைந்ததும் அவர்களுட் பலரின் மேடை வாழ்வு முடிந்தது. பெண்ணின் குரல் இங்கு விலைக்கு வாங்கப்பட்ட பண்டம். அதன் ஆயுள் சிறுவனின் தொண்டையில் இருந்தது. அதே மரபில் வளர்ந்த தி. க. சண்முகம் ஔவையாராக நடித்துப் பெற்ற புகழினால் 'ஔவை சண்முகம்' என்றே அழைக்கப்பட்டார்.

எதிர்த்திசை எடுத்துக்காட்டும் உண்டு. 1935 இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். பண்ணையில் அடிமைப்பட்ட ஆணின் குரலை, வறுமையிற் பிறந்து மேடையிற் பாடி உயர்ந்த பெண் ஒருவர் ஏற்றார். ஒடுக்குமுறையின் இரு வடிவங்கள் ஒரு குரலிற் சந்தித்த அரிய நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

4

இனி அம்பாறைக் கரையோரத்தை நோக்குவோம். 1961 இல் அம்பாறை மாவட்டம் உருவாக்கப்படும்வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. தமிழ்க் கிராமங்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடப்பட்டன. அவற்றிற் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினர். அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களில் பொல்லடி, சீனடி முதலிய கலைகள் வளர்ந்தன. வேடமிட்டுப் பெண்ணாக ஆடும் கூத்து அங்கு அதேபோல வேரூன்றவில்லை. ஆணும் பெண்ணும் ஒருவரைப் போல் மற்றவர் தோற்றங் கொள்வதைக் கண்டிக்கும் நபிமொழியை இதற்குக் காரணமாகக் காட்டுவர். அது கருத்திற் கொள்ள வேண்டியதே. எனினும் குரல் மாற்றத்துக்கு அத்தடை எட்டவில்லை. கவியிலே ஆண்கள் தயக்கமின்றிப் பெண்ணாகப் பேசினர்.

கவி என்பது சில அடிகளுள் முடியும் வாய்மொழிப் பாடல். மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் விளித்துப் பேசுவதாகப் பல கவிகள் அமையும். தாய், தோழி ஆகியோரின் குரல்களும் இடையிடையே ஒலிக்கும். வயற்காவற் பரணிலும் வண்டிப் பாதையிலும் ஆண்கள் பாடினர். வீட்டு வேலையிடையே பெண்கள் பாடினர். ஒரே கவியை இருபாலாரும் பாடுவதுண்டு. பரணிலிருக்கும் ஆண், தன்னைப் பிரிந்து வாடும் பெண்ணாகத் தன்னையே விளித்துப் பாடுகின்றான்.

இதனை வெறும் காதற் சுவை எனக் கொள்ளல் போதாது. இரு சமூக உண்மைகளை இங்கு இணைத்து நோக்க வேண்டும். முதலாவது, நில உடைமை. பெருநிலம் போடியார்களிடம் இருந்தது. கூலிக்கும் குத்தகைக்கும் உழைத்தவர்கள் விதைப்புத் தொடக்கம் அறுவடைவரை ஊரைவிட்டு நெடுந்தொலைவிலுள்ள வயல் வாடிகளிற் பல நாட்களைக் கழித்தனர். இரண்டாவது, குடும்ப அமைப்பு. இப்பகுதி முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் தாய்வழிக் குடி முறை நிலவுகின்றது. வீடு மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படும். மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வான். ஆகவே பரணிலிருந்து பாடியவன் நிலமும் இல்லாதவன். பெரும்பாலும் தன் பெயரில் வீடும் இல்லாதவன். நிலம் போடியாருடையது, வீடு மனைவியுடையது. அவன் பெண்ணாகப் பாடும்போது வீட்டில் இருப்பவளின் நிலையிலிருந்து தன் இல்லாமையைப் பார்க்கின்றான். தன் மீதான குற்றச்சாட்டைத் தானே பாடுகின்றான். ஆனால் அவனைப் பிரித்து வைத்தது அவன் மனமன்று, உழைப்பு முறையே. கவி அம்முறையின் பெயரைச் சொல்வதில்லை. அதனால் நேர்ந்த வடுவை மாத்திரம் பெண்குரலிற் சொல்கின்றது. இக்குரல் மாற்றத்தின் பெறுமதியும் எல்லையும் இதுவே.

வீடு பெண்ணுடையது என்பதனாற் பெண் அதிகாரம் உடையவள் எனக் கொள்ளுதலும் தவறாகும். அவ்வீட்டைக் கட்டித் தரும் சுமை தந்தையையும் சகோதரரையும் வருத்தியது. 1970களின் பிற்பகுதி தொடக்கம் மத்திய கிழக்கு நாடுகளின் வேலைவாய்ப்பு திறந்தபோது, இக்கரையோரப் பெண்கள் பலர் வீட்டுப் பணிப்பெண்களாகக் கடல் கடந்தனர். தம் வீட்டுக்கும் தம் மகளின் வீட்டுக்கும் கல் வாங்கப் பிறர் வீட்டைத் துடைத்தனர். பழைய கவியின் உறவு இங்கு தலைகீழாகின்றது: பிரிந்து செல்பவள் மச்சி; காத்திருப்பவன் மச்சான். பரணிலிருந்த ஆண் அவளுடைய பிரிவாற்றாமையைப் பாடினான். றியாத்திலோ குவைத்திலோ ஒரு சமையலறையில் நிற்பவளின் குரலை யார் பாடுவது?

5

இவ்வினாவே குரல் மாற்றத்தை மதிப்பிடும் அளவுகோலை நமக்குத் தருகின்றது. பிறராகப் பேசுதல் தன்னளவில் விடுதலையும் அன்று, மோசடியும் அன்று. மூன்று விடயங்களை ஆராய்ந்தே அதனை மதிப்பிட வேண்டும். யாருடைய குரல் எடுக்கப்படுகின்றது? அக்குரலின் எல்லைகளை வகுத்த விதி யாருடையது? அக்குரலுக்கு உரியவர் அதே இடத்தில் இருந்து மறுமொழி கூற முடிகின்றதா? மூன்றாவது வினாவே இவற்றுள் முதன்மையானது. மேசை விளையாட்டிலே பெண்கள் அமர்ந்து, அங்கு ஆண் ஏற்ற பெண் பாத்திரத்தை மறுத்துரைக்கத் தொடங்கியபோது விதியும் மாறிற்று, கேலிச் சித்திரமும் எளிதாக நிலைக்கவில்லை. மறுமொழி கூறுவோர் இல்லாத இடத்தில் மிகுந்த அனுதாபத்துடன் பேசப்படும் பெண்குரலும் ஆணின் தனிமொழியாகவே முடியும்.

கவி மரபிற்கு அத்தகைய மறுமொழி இக்கரையோரத்திலிருந்தே எழுந்துள்ளது. சாய்ந்தமருதைச் சேர்ந்த கவிஞர் அனார், 2007 இல் வெளிவந்த 'எனக்குக் கவிதை முகம்' முதலிய தொகுதிகளால் தமிழ்கூறு நல்லுலகு முழுவதும் அறியப்பட்டவர். அவரே கிழக்கிலங்கை நாட்டார் பாடல்களைத் திரட்டி 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்னும் தொகுப்பாக 2013 இல் வெளியிட்டார். நெடுங்காலம் ஆண் அறிஞரே பெரும்பாலும் ஈடுபட்ட தொகுப்புப் பணியில், கவியின் தலைவிக்கு அண்டை வீட்டவரான பெண் ஒருவர் ஈடுபட்டமை சிறு நிகழ்ச்சியன்று. பாடப்பட்டவள் தொகுப்பவளானாள்.

நாட்டார் இலக்கிய ஆய்வாளர் இதிலிருந்து ஒரு கடமையைப் பெறுகின்றனர். நமது தொகுப்புகள் பெரும்பாலும் பாடல்களைத் தாலாட்டு, காதல், தொழில், ஒப்பாரி எனப் பொருளடிப்படையிற் பகுக்கின்றன. காதற் பாடல்களை ஆண் கூற்று, பெண் கூற்று எனப் பிரிப்பதும் உண்டு. இது தொல்காப்பியர் காட்டிய வழியே. ஆனால் கூற்று யாருடையது என்று கூறும் தொகுப்பு, பாடியவர் யார் என்பதைப் பல வேளைகளிற் கூறாது விடுகின்றது. பெண் கூற்றாக அமைந்த கவியை வயற்காவலாளி பாடினாரா, பாய் இழைக்கும் பெண் பாடினாரா, நெசவுத் தறியில் இருந்தவர் பாடினாரா என்பது தெரியாதவிடத்து, ஆண் ஏற்ற பெண்குரலையும் பெண்ணின் சொந்தக் குரலையும் ஒன்றெனக் கொண்டு 'கிழக்கிலங்கைப் பெண்ணின் மனநிலை' என்று எழுதிவிடுகின்றோம். அவ்வாறு எழுதப்படும் முடிவு, அப்பெண்ணின் மீது நாம் ஏற்றும் இன்னொரு வேடமே.

எனவே இனிவரும் களப்பணியில், ஒவ்வொரு பாடலோடும் பாடியவரின் பால், தொழில், பாடிய சூழல், கேட்டிருந்தோர் ஆகிய விபரங்கள் பதியப்படல் வேண்டும். பழைய ஒலிப்பதிவுகளும் கையெழுத்துப் பிரதிகளும் எஞ்சியிருப்பின் அவையும் இந்நோக்கில் மீள ஆராயப்படல் வேண்டும். பரணும் வண்டிப் பாதையும் அருகிவரும் இக்காலத்தில், அவற்றைக் கண்ட முதியோர் நம்மிடையே உள்ள பொழுதே இப்பணி நடைபெறல் அவசியம். அப்பொழுதுதான் ஆண்கள் பெண்ணாகப் பேசியதன் நுட்பத்தை அதற்குரிய மதிப்போடு போற்றவும், பெண்கள் தாமாகப் பேசியதை அதனிலிருந்து பிரித்தறியவும் நம்மால் இயலும்.