உங்களுக்குத் தெரியுமா? முதுகு ஆபரேஷனும் மார்பின் கணக்கும்

★ எந்த ஆபரேஷனுக்கு மறுநாள் வலி அதிகம்? ஜெர்மன் ஆய்வாளர்கள் 179 வகை அறுவை சிகிச்சைகளை ஒப்பிட்டு 2013-இல் பட்டியல் போட்டார்கள். முதுகெலும்பின் பல கணுக்களை ஸ்க்ரூ வைத்து இணைக்கும் ஆபரேஷன் முன்வரிசையில் இருந்தது. 'சின்ன ஆபரேஷன்தானே' என்று நாம் சொல்லும் குடல்வால், டான்சில்கூட எதிர்பார்த்ததைவிட அதிகம் வலித்தன.

★ அபினிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மானியரான செர்ட்யூர்னர். கிரேக்கர்களின் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரையே அதற்கு வைத்தார்.

★ கனவோடு சில தொல்லைகளும் உண்டு. குமட்டல், மூச்சு மந்தம், மலச்சிக்கல். முதுகில் நீளத் தையல் போட்டவர், புரண்டு படுக்கவே நர்ஸைக் கூப்பிடுகிறவர், நான்காம் நாள் கழிவறையில் முக்கிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்!

★ 1980-இல் ஒரு பிரபல அமெரிக்க மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் அபின் வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேரே அடிமையானார்கள் என்றது. வார்டுக்குள் கொடுத்த மருந்தின் கணக்கு அது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாத்திரையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனாலும் 600 முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டது. பலர் கடிதத்தைப் படித்தே இருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். 2021-இல் மட்டும் அமெரிக்காவில் இவ்வகை மருந்துகள் அளவு மீறிப் பலியானவர்கள் சுமார் 80,000 பேர். பெரும்பாலும் ஃபென்டனில் என்ற கள்ளச்சந்தை மருந்தால்தான். ஆனால் தொடக்கம் டாக்டர் சீட்டில் இருந்தது.

★ கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்புப் பிரிவு, வலி வருமுன்னே அணை கட்டிப் பார்த்தது. கத்தி படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே பாராசிட்டமால், கீட்டோரோலாக், ப்ரீகாபலின் என மூன்று மருந்துகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் வலியை ஒவ்வொரு இடத்தில் மறிக்கும். தண்டுவடம் ஒருமுறை வலியில் கொதித்துவிட்டால், பிறகு லேசான தொடலும் வலியாகத் தெரியும். அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான் சூட்சுமம். ஆபரேஷனுக்குப் பிந்தைய வலியும் குறைந்தது, மார்பின் தேவையும் குறைந்தது. 2019-இல் வெளியான ஆய்வு இது.

★ அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே முதுகுத் தசைக்கு அடியில் மரப்பு மருந்தைப் பரப்பும் ஊசி முறை 2016-இல்தான் அறிமுகமானது. பத்தாண்டுக்குள் முதுகெலும்பு ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் வந்துவிட்டது.

★ மார்பினுக்கு மாற்று மருந்து என்றால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். ப்ரீகாபலினை மார்பினோடு சேர்த்தால் மூச்சு தடுமாறலாம் என்று 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. கீட்டோரோலாக்கைப் பல நாள் அதிக அளவில் கொடுத்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. இணைத்த எலும்பு சேர்வதும் தாமதமாகலாம். மார்பினை அடியோடு ஒதுக்குவதும் சரியல்ல. தாங்க முடியாத வலிக்கு அது வேண்டும்தான்.

★ டிஸ்சார்ஜ் சீட்டில் அடிக்கடி காணும் டிரமடாலும் அபின் குடும்பத்து மருந்துதான். 2018 முதல் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. மீந்த அட்டையைப் பாட்டியின் மூட்டுவலிக்கென்று அலமாரியில் எடுத்து வைக்காதீர்கள். ஏற்கெனவே நீங்கள் வலி மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவரானால், ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.