"கெசட்டுல வந்துதா?" – அரசு அச்சகமும் நம் உரிமைகளும்



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவரை உங்களில் பலர் நேரில் அறிவீர்கள். ஊர் மக்களுக்கு மனு எழுதிக் கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவர். அரசு நமக்காக ஒன்றை அறிவித்துவிட்டது என்று யாராவது செய்தித்தாளைக் கொண்டுவந்து காட்டினால், அவர் முதலில் கேட்பது இதைத்தான்: "கெசட்டுல வந்துதா? தேதி என்ன?" அந்தக் கேள்வியைத்தான் இன்று நான் விரித்துச் சொல்லப் போகிறேன்.

சட்டமன்றத்தில் கை தூக்கியவுடன் ஒரு சட்டம் நம் கைக்கு வந்துவிடாது. சட்டமுன்வடிவு நிறைவேற வேண்டும். ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தர வேண்டும். அரசிதழில் அச்சாக வேண்டும். நடைமுறைக்கு வரும் நாள் பிறக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த அச்சு வேலை எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையைச் சேர்ந்தது. சென்னை தங்கசாலையில், ஒருகாலத்தில் நாணயம் அடித்த இடத்தில், அரசு மைய அச்சகம் இருக்கிறது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், விருத்தாசலம் ஆகிய ஊர்களில் கிளை அச்சகங்கள் உண்டு. 1832இல் புனித ஜார்ஜ் கோட்டை கெசட் என்று தொடங்கிய இதழ்தான் இன்றைய தமிழ்நாடு அரசிதழ். வாரந்தோறும் புதன்கிழமை வரும்; அவசரமானால் சிறப்பு வெளியீடாக எந்த நாளிலும் வரும். சட்டங்கள் அதன் நான்காம் பகுதியில் இடம்பெறும்.

நம் மாவட்டத்தையே பாருங்கள். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமானது, 2002இல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. அந்த ஆண்டுகளில் மண் நகரவில்லை, மக்களும் நகரவில்லை. அரசின் அறிவிக்கைகள் வந்தன. எந்த ஆட்சியரிடம் மனு கொடுப்பது என்பது மாறியது.

அச்சிடாத சட்டம் செல்லுமா? 1951இல் உச்ச நீதிமன்றத்தின் முன் இந்தக் கேள்வி வந்தது. ஹர்லா என்பவர் மீது ஜெய்ப்பூர் அபின் சட்டத்தின்கீழ் வழக்கு. 50 ரூபாய் அபராதம். அந்தச் சட்டம் 1923இல் ஜெய்ப்பூர் அமைச்சர் குழு தன் அறைக்குள் நிறைவேற்றிய ஒரு தீர்மானம். அரசிதழில் வரவில்லை, வேறு எந்த வகையிலும் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு ஹர்லாவின் தண்டனையை ரத்து செய்தது. மக்கள் அறிய வழியே இல்லாத ஒன்றைக் காட்டி மக்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்பது அதன் சாரம். சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என நம்மிடம் சொல்கிறார்களே, அதைச் சொல்லும் தகுதி அரசுக்கு எப்போது வருகிறது? சட்டத்தை வெளியிட்ட பிறகுதான்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. நமக்கு அதிகம் வலிப்பது அதுதான். சட்டம் அச்சில் இருக்கும், உயிர் இருக்காது. பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே, அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளில் இது நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரி அறிவிக்கை வரும்வரை சட்டம் தூங்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1989 செப்டம்பர் 11 அன்று ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்கு வந்தது 1990 ஜனவரி 30. அதன் விதிகள் வந்ததோ 1995இல். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த முதல் சட்டத்துக்கு 1993 ஜூனில் ஒப்புதல் கிடைத்தது. 1997 ஜனவரி 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடையில் மூன்றரை ஆண்டுகள்! எத்தனை காலைகள், எத்தனை கூடைகள் என்று எண்ணிப் பாருங்கள். அதற்குப் பின்னும் அது எல்லா மாநிலங்களுக்கும் தானாகப் பொருந்தவில்லை. மற்ற மாநிலங்கள் தனித்தனியே ஏற்க வேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் ஒப்புதல் கிடைத்த மூன்று மாதத்துக்குள், அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசு நினைத்தால் விரைவாகவும் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இனி வீட்டுமனைக்கு வருவோம். ஆதிதிராவிடர்களுக்கு மனைப்பட்டா கொடுக்க நிலம் எடுப்பதற்கென்று தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம் இருக்கிறது. அதன் தலைப்பில் 'அரிசன நலம்' என்று இருக்கும். அந்தப் பெயரை நாம் ஏற்கவில்லை, சட்டத்தைப் பயன்படுத்துகிறோம். அதன்படி நிலம் எப்போது அரசுக்குச் சேரும்? ஆட்சியரின் அறிவிப்பு மாவட்ட அரசிதழில் வெளியாகும் நாளில். அந்த நாளிலிருந்து எந்த வில்லங்கமும் இல்லாமல் நிலம் அரசுடையது. அதற்கு முன்பு நில உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் ஆட்சேபனையைப் பரிசீலிக்க வேண்டும். இந்தப் படிகளை அதிகாரிகள் ஒழுங்காகச் செய்யாததால் பல நில எடுப்புகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகியிருக்கின்றன. தவறு அலுவலகத்தில்; தண்டனை மனைக்காகக் காத்திருந்த குடும்பத்துக்கு. அதனால்தான் சொல்கிறேன், பட்டா எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். மாவட்ட அரசிதழ் எண் என்ன, தேதி என்ன, எந்தெந்தச் சர்வே எண்கள் என்று கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள்.

அச்சானால் போதுமா என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். போதாது. 1924இல் சென்னை சட்ட மேலவையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லாவற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்பது தீர்மானம். அது அரசாணையும் ஆனது. ஆனால் நூறாண்டு கழித்தும் குடிநீருக்காக வழக்குப் போடுகிறோம். 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி நமக்கென ஒதுக்கப்பட்டது. அந்தப் பதவியில் அமர்ந்ததற்காக 1997 ஜூனில் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தாளில் இருந்த உரிமையை மண்ணில் எடுக்கப் போனவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். ஆனாலும் அந்தத் தாள் இல்லாமலிருந்தால், நடந்தது உரிமைப் பறிப்பு என்று நீதிமன்றத்தில் சொல்லவே நமக்கு வாய் இருந்திருக்காது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அரசின் ஆணைகள் கிராமத்துக்கு எப்படி வந்தன? தண்டோராவாக வந்தன. வரி கட்டச் சொல்லியும், ஏலம் சொல்லியும், நிலம் எடுப்பதைச் சொல்லியும் தெருத்தெருவாகப் பறையடித்தவர்கள் நம் ஆட்கள். ஆணையை ஊருக்கெல்லாம் உரக்கச் சொன்னவன் கையில் அந்த ஆணையின் தாள் இருந்ததில்லை. இருந்தாலும் படிக்க விட்டதில்லை. 2022இல்தான் ஆளை வைத்துத் தண்டோரா போடக் கூடாது என்று தமிழ்நாடு அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது. பறையை இறக்கி வைத்தாயிற்று. இனி தாளைக் கையில் எடுக்க வேண்டும்.

இன்று எடுப்பதும் எளிது. இந்திய அரசிதழ் 2015 அக்டோபரிலிருந்து மின்னணு வடிவில்தான் வெளியாகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு அரசிதழுக்கும் அச்சு அரசிதழுக்குச் சமமான தகுதி தருகிறது. தமிழ்நாடு அரசிதழும் துறையின் இணையதளத்தில் கிடைக்கிறது. மொழி ஒரு தடைதான். அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி சட்டத்தின் ஆங்கில வாசகமே அதிகாரபூர்வமானது. ஆனால் 1973ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தோடு அரசிதழில் வெளியாகும் தமிழாக்கத்துக்கும் அதிகாரபூர்வத் தகுதி கொடுத்திருக்கிறது. ஆகவே தமிழில் வெளியிடு என்று கேட்பது சலுகை கேட்பதல்ல.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் இன்று என்ன விலை என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அதன் 2016, 2018 திருத்தங்கள், 1995 விதிகள், நம் ஊருக்கான நில எடுப்பு அறிவிப்புகள், ஊராட்சி இட ஒதுக்கீட்டு அறிவிக்கைகள் ஆகியவற்றின் அரசிதழ் நகல்களையும் அப்படிக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும்படி ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். ஒவ்வொன்றின் மேலும் எண்ணையும், வெளியான தேதியையும், நடைமுறைக்கு வந்த தேதியையும் எழுதி வையுங்கள். காவல் நிலையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போகிறவர்கள் அந்த நகலோடு போகட்டும். அங்கே இருப்பவர் அப்படியொரு சட்டமே இல்லை என்று சொன்னால், மேசைமேல் அதை வைத்துவிட்டு, தேதியைப் படிக்கச் சொல்லுங்கள்.

நம் பெரியவர் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.