சுக்கான் தண்டும் மலையக உழைப்பும்

மோட்டார் வண்டியின் திசைமாற்றுச் சக்கரத்தைச் சுக்கான் என்பது ஈழத்து ஏட்டு வழக்கு. அறபு மூலத்தையுடைய இச்சொல் முதலிற் கப்பலைத் திருப்பும் கருவியையே குறித்தது. கடலோடிகளின் சொல் பதுளை, பண்டாரவளை மலைகள்வரை ஏறியமைக்குக் குடியேற்றவாதப் பொருளாதாரமே வழி சமைத்தது எனலாம். பட்டறைகளிலோ 'ஸ்டியரிங்' என்பதே வழக்கு.

1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாமில் லான்ட் றோவரும், ஒக்டோபரில் லண்டனில் மொறிஸ் மைனரும் முதன்முதலிற் காட்சிக்கு வந்தன. அதே ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. தோட்டத்து வண்டிக்குப் பதிவேட்டில் இடமிருந்தது; அதன் சுக்கானைப் பிடித்த லயத்துப் பிள்ளைக்கு நாடு இருக்கவில்லை. இம்முரண்பாட்டை மனங்கொண்டே அவ்வண்டிகளின் உறுப்புகளை நோக்குதல் வேண்டும்.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2020 மார்ச்சில் அது மீண்டும் தடைப்பட்டு, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. புதிய உறுப்பு கிடைக்காதபோது தேய்ந்ததைக் கடைந்தும் ஒட்டியும் வண்டியை வாழவைத்தது பட்டறைத் தொழிலாளியின் கை. இன்று 'கிளாசிக்' என்று விலை பேசுவோர் அவ்வுழைப்பை மறந்து, இரும்புக்கே அம்மதிப்பு இயல்பாய் உரியதெனக் கொள்கின்றனர். பண்ட மாயைக்கு இதனினும் எளிய சான்று தேடவேண்டியதில்லை.

மொறிஸ் மைனரின் அமைப்பு எளியது. சக்கரத்தின் நடுவிலிருந்து இறங்கும் உருக்குத் தண்டு ஒரு வெளிக்குழாயினுள்ளே சுழல்கின்றது. குழாயின் மேல்முனையில் தண்டைத் தாங்குவது கம்பளி அமுக்கிச் செய்த ஒரு வளையம். அது தேய்ந்தால் சக்கரம் மேலும் கீழும் ஆடும், ஓசை எழும், உடனடி ஆபத்து அரிது. கீழ்முனையின் நிலை வேறு. அங்கே தண்டானது ஒரு பிடிப்பினாலும் அதன் இறுக்காணியினாலும் சிறு பற்சக்கரத்துடன் பிணைக்கப்பட்டுள்ளது. அவ்வொரு ஆணி கழன்று பிடிப்பு விலகுமாயின், சாரதி சக்கரத்தைத் திருப்புவார், வண்டி திரும்பாது. பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வளைவுகளில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பற்சக்கரம், பற்களுடைய ஒரு சட்டத்தை இடமும் வலமும் நகர்த்த, அதன் இருமுனைகளிலுமுள்ள குண்டு மூட்டுகள் முன்சில்லுகளைத் திருப்புகின்றன. முனைகளை மூடிய றப்பர் உறை கிழிந்தால் மழைநீரும் மணலும் புகுந்து பற்களைத் தின்னும்.

லான்ட் றோவரில் தண்டின் கீழே பற்சட்டமன்று, எண்ணெய் நிரம்பிய கியர்ப் பெட்டியே உண்டு. அதன் அசைவு, முன்புறக் குறுக்குச் சட்டத்தினுள் நிமிர்ந்து நிற்கும் 'றிலே' என்னும் இடைக்கருவி வழியாகவே சில்லுகளை அடையும். எண்ணெய் வற்றினால் அது இறுகும். அதனுள் அழுத்தப்பட்ட வலிய சுருள்வில் ஒன்றுண்டு. முறையறியாது கழற்றுவோரின் முகத்தில் அது பாயக்கூடும்.

இக்கால வண்டிகள் இரண்டிலும் தண்டு மோதலில் மடங்குவதில்லை. முன்புறம் நசுங்கின், தண்டு ஈட்டிபோற் சாரதியின் மார்பை நோக்கி வரும். மோதலில் மடங்கும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1967ஆம் ஆண்டு மாதிரிகளில் அமெரிக்காவிற் பொருத்தியது. மறு ஆண்டே சாரதியை இவ்வாறு காத்தல் அங்கு சட்டத் தேவையாயிற்று. அவ்வேளையில் ஊவாவின் வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் அதற்கு முந்திய வண்டிகளே.

தளர்வைக் கண்டறியப் பட்டறையார் கைக்கொள்ளும் முறை கருவி எதனையும் வேண்டாதது. வண்டி நிற்க, ஒருவர் சக்கரத்தை மெல்ல இருபுறமும் அசைப்பார். மற்றவர் கீழே படுத்து மேலிருந்து ஒவ்வொரு மூட்டாக விரலை வைத்து வருவார். ஒரு மூட்டின் இப்புறம் அசைவிருந்து அப்புறம் தாமதிக்குமாயின், கழற்ற வேண்டியது அதுவே.